பேஸ் ஒலி அடித்தால் ஆம்ப் அணைந்துவிடுகிறதா? ஐசியைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

சின்னச் சத்தத்தில் அழகாகப் பாடும். வால்யூமைக் கூட்டியதும் கரகரக்கும், அல்லது ஒரு நொடி அணைந்து மறுபடி உயிர் பெறும். கையால் செய்த பேட்டரி ஆம்ப்ளிஃபயர்களில் இது அடிக்கடி வரும் கோளாறு. பலரும் உடனே ஐசி (ஒலியைப் பெருக்கும் சில்லு) போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இரண்டு பிஏஎம்8403 ஆம்ப் போர்டுகளை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் தகராறு செய்தது ஒரு சின்ன ஸ்லைடு சுவிட்ச்.

இதில் முதல் தவறு, பாட்டு ஓடாதபோது வோல்டேஜ் அளப்பது. மீட்டர் 4.1 வோல்ட் காட்டும், பேட்டரி சரி என்று நகர்ந்துவிடுவோம். கரண்ட் ஓடாதபோது எங்கேயும் வோல்டேஜ் விழாது, அதனால் அந்த அளவு எதையும் சொல்லாது. பாடும்போதே, அதுவும் ஆம்ப் போர்டின் பவர் முனைகளிலேயே அளக்க வேண்டும். பாட்டின் ஏற்ற இறக்கத்தை மீட்டர் பிடிக்காது. 60 ஹெர்ட்ஸ் தொடர் ஒலியை ஓடவிட்டால் நிலையாகக் காட்டும். அப்புறம் மீட்டரின் இரு முனைகளையும் சுவிட்சின் இரு காலிலும் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். என்னுடையதில் அரை வோல்ட் அங்கேயே தொலைந்துகொண்டிருந்தது.

வயரும் இதே வேலையைச் செய்யும். ஏடபிள்யூஜி 28 என்ற அளவுள்ள மெல்லிய வயர் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.2 ஓம். போக 30 செ.மீ., வர 30 செ.மீ. என்றால் 0.13 ஓம் ஆகிறது. 3 ஆம்ப் ஓடினால் கிட்டத்தட்ட 0.4 வோல்ட் காலி.

ஒற்றை லித்தியம் செல்லில் ஏது 3 ஆம்ப் என்கிறீர்களா? செல்லின் வோல்டேஜை ஏற்றித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டர் வைத்தவர்கள் சறுக்குவது இங்கேதான். வெளியே 5 வோல்ட்டில் 2 ஆம்ப் வேண்டுமென்றால் அது 10 வாட். கன்வெர்ட்டரின் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் செல்லிலிருந்து 11.8 வாட் இழுக்க வேண்டும். செல் 3.4 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் அது 3.5 ஆம்ப். எம்டி3608 பூஸ்ட் போர்டுக்குச் சொல்லப்படும் '2 ஆம்ப்' எல்லா நிலையிலும் வெளியே கிடைத்துவிடாது. அதை நம்பிப் பெரிய ஸ்பீக்கரை மாட்டினால் ஒவ்வொரு பேஸுக்கும் வோல்டேஜ் குப்புற விழும்.

ஒரேயடியாக அணைந்து, சார்ஜர் மாட்டினால்தான் எழுந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் செல்லின் பாதுகாப்பு போர்டு செல்லைத் துண்டித்திருக்கிறது. அதைத் தாண்டி நேரடியாக இணைத்துவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், ஷார்ட்டானால் தீப்பிடிக்கும்.

ஆம்ப் முனைகளுக்கு அருகில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்கும் வைப்பது நல்லது. திடீர் இழுப்பைத் தாங்கும். ஆனால் தளர்ந்த செல்லுக்கு அது மருந்தாகாது.

பவர் பேங்கில் ஓட்டும்போது சின்னச் சத்தத்தில் மட்டும் அணைந்தால் ஆம்பைக் குறை சொல்லாதீர்கள். கரண்ட் குறைந்தால் தானாகவே அணையும் குணம் பல பவர் பேங்குகளுக்கு உண்டு.

பவர் கோளாறு போலவே தோன்றும் இன்னொன்று: பிஏஎம்8403 மாதிரி பிரிட்ஜ் வகை ஆம்ப்களில் (ஸ்பீக்கரின் இரு முனைகளையும் ஆம்பே இயக்கும் வகை) ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்டு அல்ல. இடது வலது மைனஸ்களை ஒன்றாக முறுக்கினாலோ கிரவுண்டில் சேர்த்தாலோ கரண்ட் எகிறும், சூடேறும், அணையும். ப்ளூடூத் மாட்யூலையும் ஆம்பையும் ஒரே 5 வோல்ட்டில் ஓட்டும்போது வரும் 'கீ...' இரைச்சல் வேறு கதை. மாட்யூலுக்கு மட்டும் பி0505எஸ் மாதிரி, கிரவுண்டைப் பிரித்துத் தனிமைப்படுத்தும் கன்வெர்ட்டர் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சார்ஜ் ஏறும்போதே பாட்டுக் கேட்பதும் தவறுதான். டிபி4056 என்ற சார்ஜிங் ஐசி, கரண்ட் நிர்ணயித்த அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும்தான் சார்ஜை நிறுத்தும். ஆம்பும் கூடவே இழுத்துக்கொண்டிருந்தால் அந்த அளவுக்குக் குறையாமலே போகலாம். செல் நிரம்பிய பின்னும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.