விக்கல் நிற்கவில்லை, குங்குமம் வெளுத்துத் தெரிகிறது: டாக்டரிடம் போகும் முன்

என் தங்கச்சிக்கு நோய் ஆரம்பித்தது விக்கலில். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய லயத்தில் எங்கள் வீடு. ராத்திரி முழுக்க அவள் விக்குவது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாட்டிக்கும் கேட்கும். கூடவே வாந்தி. ஒரு கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரம் அப்படியே போனது. ஒரு நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்தவள், "அக்கா, இந்தக் கண்ணுல பார்த்தா குங்குமம் பழைய செங்கல் மாதிரி தெரியுது" என்றாள். விழியைத் திருப்பினாலே வலி. கடைசியில் தெரிந்த பெயர் என்.எம்.ஓ. (நியூரோமைலிடிஸ் ஆப்டிகா): உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் நோய்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் குங்குமச் சிமிழையே எடுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, மற்றக் கண்ணால் சிவப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கை மாற்றுங்கள். ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு வெளுத்திருந்தால் பார்வை நரம்பில் வீக்கம் இருக்கலாம். கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவர் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இடுப்பைச் சுற்றிக் கச்சை கட்டியது போல இறுக்கம், கால் மரத்துப் போவது, சிறுநீர் போக முடியாமல் அடைப்பது, இவையும் இந்த நோயின் அறிகுறிகள்தான். இரண்டு காலும் பலம் இழந்தாலோ, பார்வை வேகமாகக் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அப்பாய்ண்ட்மெண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள். உருவிவிடும் ஆளைத் தேடி அலைகிற ஒவ்வொரு நாளும் நரம்புக்கு நட்டம்.

ஒரு நோட்டு வாங்கி வையுங்கள். என்ன வந்தது, எந்தப் பக்கம், எந்தத் தேதி, எத்தனை நாள். விக்கலையும் எழுதுங்கள். நாங்கள் அதை டாக்டரிடம் சொல்லவே இல்லை, வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிட்டோம். மூளைத்தண்டில் வாந்தி உணர்வுக்கான இடம் பாதிக்கப்பட்டால் விக்கலும் வாந்தியும் நாட்கணக்கில் நிற்காது. புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் புதிய தாக்குதல் என்று பார்ப்பார்கள். மத்தியான வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் பார்வை மங்கி, உடம்பு குளிர்ந்ததும் தெளிந்தால் அது புதிய தாக்குதலாக இல்லாமல் இருக்கலாம், அதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

இனி இன விஷயம். முதலில் எங்களுக்குச் சொன்ன பெயர் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்), அதுவும் எதிர்ப்புச் சக்தி மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய். அது வெள்ளைக்காரர்களிடம்தான் அதிகம் என்று கேட்டதும், நமக்கு வராது என்று அம்மா நிம்மதியானாள். அது தப்பு. எம்.எஸ். வட ஐரோப்பாவில் அதிகம், மலேசியாவில் மிகக் குறைவு. ஆனால் நம் பிள்ளைகளுக்கும் வரும். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிரிட்டன் போனவர்களைவிட, அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கு எம்.எஸ். கூடுதலாக வந்தது. ரத்தம் மட்டும் காரணமில்லை, வளர்கிற இடமும் சேர்கிறது. சூரிய ஒளி, வைட்டமின் டி, சிறு வயதில் வரும் வைரஸ் தொற்று எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு.

ஆசியாவில் இதன் பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு நோய்தான் தங்கச்சிக்கு வந்த என்.எம்.ஓ. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் குறிவைக்கும். பெரும்பாலும் பெண்களுக்கு வரும். மலேசியாவில் சீனர்களிடம் கூடுதல். முன்பு இதை எம்.எஸ்.ஸின் ஆசிய வகை என்றே பலர் நினைத்தார்கள். 2004-ல் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழு இதற்கே உரிய ஆன்டிபாடியை, அதாவது ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதத்தை, கண்டுபிடித்தது. அக்வாபோரின்-4 என்ற நீர்க் கால்வாய்ப் புரதத்தை அது தாக்குகிறது என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்ற மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கலாம். நான் இந்த அளவுக்கு மன்றாடிச் சொல்வது அதனால்தான்.

ஆகவே நீண்ட கால மருந்தைத் தொடங்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: "அக்வாபோரின்-4 ரத்தப் பரிசோதனை செய்தாச்சா டாக்டர்? மோக் ஆன்டிபாடியும் பார்க்கணுமா?" (மோக் என்பது இதே மாதிரி அறிகுறி தரும் வேறொரு நோயின் ஆன்டிபாடி.) முடிந்தால் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து ஏற்றும் முன்பே ரத்தம் எடுப்பது நல்லது. ஆனால் ரிசல்ட் வரட்டும் என்று ஸ்டீராய்டைத் தள்ளிப்போடக் கூடாது. ஒருமுறை நெகட்டிவ் வந்தாலும் சந்தேகம் இருந்தால் திரும்பப் பார்க்கலாம். தண்டுவட எம்.ஆர்.ஐ.யில் வீக்கம் எத்தனை முதுகெலும்பு நீளம் என்று கேட்டு எழுதுங்கள். மூன்றும் அதற்கு மேலும் என்றால் என்.எம்.ஓ. பக்கம் சந்தேகம் கூடும்.

தங்கச்சிக்கு ஈப்போவில் ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். பரிசோதனை பாசிட்டிவ். ஸ்டீராய்டு போதாதவர்களுக்கு ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவார்கள். இப்போது அவள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோப்ரின் மாத்திரை சாப்பிடுகிறாள். தாக்குதல் இல்லாத மாதங்களிலும் நிறுத்தக் கூடாது. ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனையும் தவறக் கூடாது. மாத்திரை முடிய ஒரு வாரம் இருக்கும்போதே ஃபார்மசிக்குப் போய்விடுங்கள். நவம்பர் மழையில் தோட்டச் சாலை சேறானால் எங்கள் பக்கம் வேன் வராது.