கிணற்று முறைத் தகராறைப் பேசித் தீர்ப்பது எப்படி?

பாலக்கோடு பக்கம் தக்காளி பயிரிடும் பங்காளிகளுக்குள் பொதுக் கிணற்றில் முறைவைத்து மாறி மாறி இறைக்கும் தண்ணீரால் மனக்கசப்பு வந்தால், வரப்பில் நின்றபடியே பேசத் தொடங்காதீர்கள். வாடிய செடியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எவராலும் நிதானமாகப் பேச முடியாது. மறுநாள் மாலை, இரு தரப்பும் மதிக்கும் பெரியவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள்.

முதலில் எதிர்த்தரப்பை முழுதாகப் பேசவிட்டு, அவர் சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லி, "நான் புரிந்துகொண்டது சரிதானா, அண்ணா?" என்று கேளுங்கள். செய்து பார்த்தால்தான் இதன் கடினம் தெரியும். "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்பதற்குப் பதிலாக, "செவ்வாய்க்கிழமை என் முறையில் மும்முனை மின்சாரம் 2 மணி நேரம் நின்றுபோனதால் கடைசி நான்கு பாத்திகள் நனையவில்லை" என்று சொன்னால், பேச்சு ஆளை விட்டுக் கணக்குக்கு வந்துவிடும். முறையை நாள் கணக்கில் வைக்காமல், மோட்டார் ஓடிய மணிக் கணக்கில் வைத்து, மோட்டார் அறையில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடலாம் என்ற யோசனை பெரும்பாலும் அப்போதுதான் எழும். பழைய பாகப்பிரிவினைக் கதையை அன்று எடுக்கவே வேண்டாம்.

ஒப்புக்கொண்டதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஏற்கெனவே வழக்கு நடந்துகொண்டிருந்தால், தருமபுரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக சமரசம் செய்துவைக்கும் மக்கள் நீதிமன்றத்தை (லோக் அதாலத்) நாடலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி அங்கு எட்டப்படும் சமரசம் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமமானது, செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். மேல்முறையீடு கிடையாது என்பதால், கையெழுத்திடும் முன் வாசகங்களை இருமுறை படித்துவிடுங்கள்.