தாமதமாக வரும் பிள்ளையிடம் கேட்க வேண்டியது

வியாசர்பாடியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். தாமதமாக வருபவர்களை வாசலில் நிறுத்துவது என் பழைய வழக்கம். அதை மாற்றியவர் பெர்னிஸ் ராபின்சன். 1957இல் அமெரிக்காவின் ஜான்ஸ் தீவில் படிக்கத் தெரியாத கறுப்பினப் பெரியவர்களுக்கு வகுப்பெடுத்த கறுப்பினப் பெண். ஆசிரியப் பயிற்சி பெற்றவரல்ல, சிகையலங்காரம்தான் தொழில். என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று முதலில் அவர்களிடமே கேட்டார். கையெழுத்துப் போட வேண்டும், பைபிள் படிக்க வேண்டும் என்றார்கள். அங்கிருந்தே பாடம் தொடங்கியது. வாக்காளராகப் பதியவே வாசிப்புத் தேர்வு வைத்த ஊர் அது.

தாமதமாக வரும் பிள்ளையிடம் நீங்களும் காரணத்தைக் கேளுங்கள். நாற்பது பேர் முன்னால் வேண்டாம். இடைவேளையில், உடன் நடந்துகொண்டே. செவ்வாய்தோறும் தாமதமாக வந்த மாணவி ஒருத்திக்கு அன்று தண்ணீர் லாரி நாளாம். ஆறு குடம் நிரப்பாமல் கிளம்ப முடியாது. (நானோ அவளைச் சோம்பேறி என்றிருந்தேன்.) மறுநாள் வகுப்பு முழுவதற்கும் ஒரு கணக்குப் போட்டேன்: லாரியில் 9,000 லிட்டர், குடத்துக்கு 15 லிட்டர், எத்தனை குடம்? முதலில் கை தூக்கியவள் அவள்தான்.

வீட்டுப்பாடத்தை மட்டும் குறைக்காதீர்கள். ஒரு நாள் கூடுதலாகக் கொடுங்கள். இரக்கப்பட்டு மதிப்பெண் போடுவது பிள்ளையைக் கைகழுவுவதுதான். கேட்டதை அன்றே குறித்து வையுங்கள். பையில் ஒரு பிஸ்கட் பொட்டலமும் இருக்கட்டும். பல தாமதங்களுக்குப் பின்னால் வெறும் வயிறு இருக்கிறது.