வரி மாறினால் எங்கெல்லாம் இடிக்கும்? படம் போட்டுப் பாருங்கள்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்கு நிறுவனத்தின் மென்பொருள்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 2023 ஜனவரியில் பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. பில்லிங் மென்பொருளை மாற்றினோம், வேலை முடிந்தது என்று நினைத்தோம். கணக்குப் பிரிவு அக்காவின் எக்செல் கோப்பில் 7 அப்படியே உட்கார்ந்திருந்தது! தவறான பில்களைச் சரிசெய்ய இரண்டு வாரம் கிரெடிட் நோட் போட்டே ஓய்ந்துபோனோம்.

2024இல் வரி 9 ஆவதற்கு முன் ஆர்க்கிமேட் முறையில் படம் போட்டேன். ஒரு நிறுவனத்தின் வேலைகளும் மென்பொருள்களும் எப்படி இணைந்திருக்கின்றன என்று வரைந்து காட்டும் முறை அது. மூன்று அடுக்கு: மேலே அலுவலக வேலைகள், நடுவில் மென்பொருள்கள், கீழே சர்வர்கள். எது எதை நம்பியிருக்கிறதோ அங்கே ஒரு கோடு.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள். என் கேள்வி, 'வரி விகிதம் எங்கெல்லாம் பதிந்திருக்கிறது?' அதற்குத் தொடர்பில்லாத எதையும் வரையாதீர்கள். நிறுவனம் முழுவதையும் வரையப் போனால் படம் முடியவே முடியாது. அப்புறம், கையேட்டை நம்பாமல் பில் போடுபவர் பக்கத்தில் அரை நாள் உட்காருங்கள். மறைந்திருக்கும் எக்செல் எல்லாம் அங்கேதான் அகப்படும். எனக்கு ஐந்து இடங்கள் கிடைத்தன.

பிறகு இரண்டாவது படம்: விகிதம் ஒரே அட்டவணையில் இருந்தால் எப்படி? இரண்டையும் மேலாளர் முன் வைத்தேன். கோடுகளை எண்ணிப் பார்த்தவர், "சரி, ஒரே இடத்துக்கு மாற்றிவிடலாம்" என்றார். படத்தின் மூலையில் தேதி போட மறக்காதீர்கள்.