வயர்ஷார்க்குக்கு லுவாவில் ஒரு டிசெக்டர் ப்ளக்இன்: மாட்பஸ் டிசிபியை வைத்துச் செய்து பார்க்க

பிணையத்தில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள் வயர்ஷார்க். உங்கள் கருவி பேசும் நெறிமுறை அதற்குத் தெரியாவிட்டால் அது வெறும் பைட் வரிசையைத்தான் காட்டும். அந்த பைட்களைப் பெயர் வைத்துப் பிரித்துக் காட்டும் ப்ளக்இன்தான் டிசெக்டர். அதை சி மொழியிலும் எழுதலாம், லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியிலும் எழுதலாம். கம்பைல் செய்யும் தொல்லை இல்லாததால் முதலில் லுவாவில் எழுதுங்கள்; வேகம் போதவில்லை என்றால் பிறகு சிக்கு மாறலாம்.

பழக மாட்பஸ் டிசிபி வசதியானது. தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ள மோடிகான் நிறுவனம் 1979இல் கொண்டுவந்த மாட்பஸ் நெறிமுறையின் ஈதர்நெட் வடிவம் இது, போர்ட் 502. வயர்ஷார்க்கில் இதற்கு டிசெக்டர் ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்: விடைத்தாள் பக்கத்திலேயே இருக்கும்.

கோப்பை எங்கே போடுவது? ஹெல்ப் மெனுவில் அபவுட் வயர்ஷார்க், அதில் ஃபோல்டர்ஸ் தாவல். பெர்சனல் லுவா ப்ளக்இன்ஸ் என்ற வரியில் இருக்கும் பாதைதான் இடம். கோப்பின் பெயர் லுவா நீட்டிப்போடு முடிய வேண்டும். விண்டோஸில் நோட்பேட் அதன் பின்னால் இன்னொரு நீட்டிப்பை ஒட்டிவிடும், கவனியுங்கள். திருத்திய பிறகு வயர்ஷார்க்கை மூடித் திறக்க வேண்டாம், கண்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். 4.4 பதிப்பிலிருந்து லுவா 5.3, 5.4 தான், பழைய 5.2க்கு எழுதிய ஸ்கிரிப்ட்டை அப்படியே ஒட்டினால் சில இடங்களில் இடிக்கும்.

எழுதும் முன் பைட்களைப் பாருங்கள். கருவியில் மதிப்புகள் இருக்கும் ரெஜிஸ்டர்களில் இரண்டைப் படிக்கக் கேட்கும் கோரிக்கை இது (பைட்கள் எல்லாம் ஹெக்ஸில், அதாவது பதினாறடிமான எண்ணில்):

00 01 00 00 00 06 01 03 00 10 00 02

முதல் 2 பைட் பரிவர்த்தனை எண், அடுத்த 2 நெறிமுறை எண் (எப்போதும் 0), அடுத்த 2 நீளம், பிறகு 1 பைட் யூனிட் எண், 1 பைட் ஃபங்ஷன் கோடு (03), 2 பைட் முகவரி, 2 பைட் எண்ணிக்கை. முகவரி 00 10 என்பது பதின்ம எண்ணில் 16. கருவியின் கையேட்டில் இதே ரெஜிஸ்டர் பெரும்பாலும் 40017 என்று இருக்கும். கையேடு 1இலிருந்து எண்ணுகிறது, கம்பி 0இலிருந்து. இந்த ஒன்று வித்தியாசத்தை டிசெக்டரில் "சரிசெய்யாதீர்கள்", கம்பியில் வந்ததையே காட்டுங்கள்.

கோப்பில் முதலில் ப்ரோட்டோ (நெறிமுறையைக் குறிக்கும் பொருள்) ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு புலத்துக்கும் ப்ரோட்டோஃபீல்ட் வரியொன்று எழுதி, கடைசியில் டிசிபி போர்ட் அட்டவணையில் 502க்குப் பதிவு செய்யுங்கள். பெயரை மாட்பஸ் என்று வைத்தால் ஸ்கிரிப்ட் ஏறவே ஏறாது, உள்ளே இருக்கும் டிசெக்டரின் பெயரோடு மோதும். வேறு சிறிய பெயர் வையுங்கள். லுவா அட்டவணை 1இலிருந்து எண்ணினாலும் பாக்கெட்டின் பைட்கள் இருக்கும் பஃபர் 0இலிருந்துதான் எண்ணும். மாட்பஸ் தலைப்பில் பெரிய பைட் முன்னால் வருவதால், வயர்ஷார்க் புலங்களைக் காட்டும் மரத்தில் சேர்க்கச் சாதாரண ஆட் போதும்; சிறிய பைட் முன்னால் வரும் நெறிமுறை என்றால் அதற்கென உள்ள எல்இ வகையைப் பயன்படுத்த வேண்டும்.

இதுவரை அரை மணி நேர வேலை. ப்ளக்இன்கள் உடைவது இதற்குப் பிறகுதான்.

டிசிபி ஒரு நீரோடை, அதற்கு உங்கள் செய்தியின் எல்லை தெரியாது. ஒரு செக்மென்ட்டில் இரண்டு கோரிக்கைகள் ஒட்டி வரலாம், ஒரே கோரிக்கை இரண்டாக வெட்டுப்படலாம். அதனால் டிசெக்ட் டிசிபி பிடியூஸ் என்ற உதவி ஃபங்ஷனிடம் வேலையைக் கொடுங்கள். அது கேட்பது மூன்று: குறைந்தபட்சத் தலைப்பு (இங்கே 6 பைட்), முழு நீளம் சொல்லும் ஃபங்ஷன், ஒரு முழுச் செய்தியைப் பிரிக்கும் ஃபங்ஷன். நீளப் புலம் யூனிட் எண்ணிலிருந்து எண்ணுகிறது. ஆகவே முழு நீளம் அந்த எண்ணோடு 6. யூனிட் எண்ணையும் சேர்த்தால் தலைப்பு 7 பைட் ஆயிற்றே என்று 7ஐக் கூட்டினால், 12 பைட் செய்திக்கு 13ஆவது பைட் வரும்வரை வயர்ஷார்க் காத்துக்கொண்டே இருக்கும். கோரிக்கை மரத்தில் தோன்றவே தோன்றாது.

இன்னொரு பிழை இதைவிட நைசானது. நீளம் சொல்லும் ஃபங்ஷனுக்கு ஆஃப்செட் ஒன்று கிடைக்கும்; நீளத்தை அந்த ஆஃப்செட்டோடு 4 கூட்டிய இடத்தில் படிக்க வேண்டும். வெறும் 4இல் படித்தால் இரண்டாவது செய்திக்கும் முதலாவதன் நீளமே வரும். எல்லாச் செய்தியும் ஒரே நீளமாக இருக்கும்வரை இது தெரியாது. சோதிக்க ஃபைல் மெனுவில் உள்ள இம்போர்ட் ஃப்ரம் ஹெக்ஸ் டம்ப் போதும்: ஒரு உரைக் கோப்பில் 0000 என்று தொடங்கி மேலே உள்ள 12 பைட், அதே வரியில் தொடர்ந்து இந்த 15 பைட்:

00 02 00 00 00 09 01 10 00 10 00 01 02 00 05

இறக்குமதியில் டிசிபி போலித் தலைப்பைத் தேர்ந்து, சேரும் போர்ட்டை 502 என்று கொடுங்கள். ஒரே பாக்கெட்டில் இரண்டு மரங்கள் தெரிய வேண்டும். பிறகு முதல் கோரிக்கையை 7 பைட், 5 பைட் என இரு பாக்கெட்டாக வெட்டிப் பாருங்கள். 0000 மறுபடி வரும் இடத்தில் புதுப் பாக்கெட் தொடங்கும்.

அடுத்தது நினைவு. படித்த மதிப்பைத் தரும் பதிலில் முகவரி இருக்காது: 00 01 00 00 00 07 01 03 04 00 00 00 25. இந்த 25 எந்த ரெஜிஸ்டரிலிருந்து வந்தது என்பது கோரிக்கையில்தான் இருக்கிறது. கோரிக்கையைப் பார்க்கும்போது டிசிபி ஸ்ட்ரீம் எண்ணையும் (ஒவ்வொரு இணைப்புக்கும் வயர்ஷார்க் தரும் எண்) பரிவர்த்தனை எண்ணையும் சேர்த்துச் சாவியாக்கி முகவரியை ஓர் அட்டவணையில் சேமியுங்கள். ஸ்ட்ரீம் எண்ணை எடுக்கும் ஃபீல்ட் பொருளை டிசெக்டர் ஃபங்ஷனுக்கு வெளியே, கோப்பின் மேல்மட்டத்தில் உருவாக்க வேண்டும். உள்ளே வைத்தால் பிழை.

ஆனால் வயர்ஷார்க் ஒரு பாக்கெட்டை ஒரு முறை மட்டும் பிரிப்பதில்லை. கோப்பைத் திறக்கும்போது வரிசையாக ஒரு சுற்று. பிறகு நீங்கள் கிளிக் செய்யும்போதும் வடிகட்டும்போதும் கண்ட வரிசையில். எல்லாவற்றுக்கும் பரிவர்த்தனை எண் 1 என்றே அனுப்பும் கருவிகளும் உண்டு. அங்கே 500ஆவது பாக்கெட்டைப் பார்த்துவிட்டு 20ஆவதற்குப் போனால் தவறான முகவரி தெரியும். வழி: பாக்கெட் தகவலில் விசிட்டட் (முன்பே பிரித்த பாக்கெட்டா என்று சொல்வது) பொய்யாக இருக்கும்போது மட்டும் எழுதுங்கள், பதில் வந்ததும் முகவரியை இரண்டாவது அட்டவணையில் அந்தப் பதில் பாக்கெட்டின் எண்ணுக்கு மாற்றி வையுங்கள். ஒரு பாக்கெட்டில் இரண்டு பதில்கள் வரலாம் என்பதால் பாக்கெட் எண்ணோடு பரிவர்த்தனை எண்ணையும் சேர்த்தே சாவியாக்குங்கள். இரண்டாவது சுற்றிலிருந்து அங்கிருந்தே படிக்கலாம். ப்ரோட்டோவின் இனிட் ஃபங்ஷனில் இரண்டு அட்டவணைகளையும் காலி செய்யாவிட்டால், முந்தைய கோப்பின் எச்சம் அடுத்த கோப்பில் வந்து நிற்கும்.

ஃபங்ஷன் கோடு 83 என்று வந்தால் அது 03க்கான பிழைப் பதில், மேல் பிட் ஏறியிருக்கிறது. அடுத்த பைட் 02 என்றால் அந்த முகவரி கருவியில் இல்லை. இதைச் சாதாரணப் பதிலாகப் பிரிக்கப் போனால் பஃபர் எல்லை தாண்டிவிட்டதாக லுவா பிழை வரும்.

உங்கள் விடையை உள்ளே இருக்கும் டிசெக்டரின் விடையோடு ஒப்பிட, ஸ்கிரிப்ட்டை ப்ளக்இன் கோப்புறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, அதே பிடிப்புக் கோப்பை டிஷார்க்கில் (வயர்ஷார்க்கின் கட்டளை வரி வடிவம்) இரண்டு முறை ஓட்டுங்கள்: ஒருமுறை வெறுமனே, இன்னொருமுறை எக்ஸ் விருப்பக்குறியில் லுவா ஸ்கிரிப்ட் பாதையைக் கொடுத்து. கோப்புறையில் விட்டுவைத்தால் 502 போர்ட்டை உங்கள் டிசெக்டரே பிடித்துக்கொள்ளும், இரண்டு ஓட்டத்திலும் உங்கள் விடையே வரும்.