கண்மாய்க்கரைப் பாம்பின் ரத்தத்தில் பூச்சிமருந்துத் தடம்: மாதிரி எடுக்கும் முறை

செட்டிநாட்டுக் கண்மாய்ப் பாசன வயல்களில் மருந்தடிக்கும் நாட்களில்தான் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் எலி, தவளை தேடி வரப்பேறுகின்றன. மருந்து பட்டதா என்று அறிய பாம்பைக் கொல்ல வேண்டாம். அரை மில்லி ரத்தம் போதும். அளக்க வேண்டியது பிளாஸ்மாவிலுள்ள (ரத்தத்தின் திரவப் பகுதி) கோலினெஸ்டரேஸ் நொதி. குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகளும் கார்பமேட் வகையைச் சேர்ந்த கார்போபியூரான் குருணையும் இதை முடக்கும். இமிடாகுளோப்ரிட், பைரித்ராய்டு வகைகள் இந்தச் சோதனையில் சிக்கா. ஆகவே அளவு சரியாக இருந்தால் மருந்தே படவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எழுத்துமூல அனுமதி, பயிற்சி பெற்ற பிடிப்பாளர், விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ள மருத்துவமனை: மூன்றும் உறுதியான பிறகே களத்தில் இறங்குங்கள்.

பாம்பின் முன்பகுதியை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஏற்றுங்கள். குழாய் உடலைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். அகலமானால் உள்ளேயே திரும்பிக் கையை நோக்கி வரும். உடலும் குழாய் விளிம்பும் சேருமிடத்தை ஒருவர் பிடித்தபடியே இருக்க வேண்டும்.

ரத்தம் வாலடிச் சிரையில் (ரத்தக்குழாயில்) எடுங்கள். கழிவுத்துளையை ஒட்டிக் குத்தினால் ஆண் பாம்பின் இனவுறுப்பில் படும். வால் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அடிப்பக்க நடுக்கோட்டில், 26 கேஜ் ஊசியைத் தலைப்பக்கம் சாய்த்துச் செலுத்துங்கள். எலும்பு தட்டியதும் இம்மியளவு பின்வாங்கி மெதுவாக இழுங்கள். நிறமற்ற நீர் வந்தால் அது நிணநீர். மாதிரியை நீர்க்கச் செய்துவிடும். கொட்டிவிட்டுப் புது ஊசியில் தொடங்குங்கள். 100 கிராம் எடைக்கு அரை மில்லிக்கு மேல் எடுக்கக் கூடாது.

ஊசியைக் கழற்றிய பிறகே ரத்தம் உறையாமல் தடுக்கும் லித்தியம் ஹெப்பாரின் குப்பியில் ரத்தத்தை விடுங்கள். ஊசி வழியே அழுத்தினால் சிவப்பணு உடையும். நொதியின் வேலையை நிறத்தால் அளக்கும் எல்மன் முறையில் மஞ்சள் நிறத்தை 412 நானோமீட்டரில் படிக்கிறோம்; ஹீமோகுளோபினும் அங்கேதான் ஒளியை உறிஞ்சுகிறது. பிளாஸ்மா இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த மாதிரியை நம்பாதீர்கள். குப்பியைத் துணி சுற்றி ஐஸ்மேல் வையுங்கள். நேரடியாகப் பட்டு உறைந்தாலும் அணுக்கள் உடையும். அன்றே பிளாஸ்மாவைப் பிரித்து −80 டிகிரியில் சேமியுங்கள். கார்பமேட் பிடி தானாகவே தளர்வதால், வெயிலில் கிடந்த குப்பியில் நொதி மீண்டு, பாம்பு நலமாக இருந்ததுபோல் காட்டும்.

பலரும் கோட்டைவிடும் ஒன்று: நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷத்திலேயே இதே நொதியின் ஒரு வகையான அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் உண்டு. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷத்தில் கிடையாது. கையுறையில் தெறித்த ஒரு துளி போதும், அளவு பொய்யாக ஏறிவிடும். குழாயைத் தொட்ட கையுறையோடு குப்பியைத் தொடாதீர்கள்.

பறவை மூளையில் 20 சதவீதக் குறைவை மருந்து பட்டதற்கு அடையாளமாகக் கொள்வது வழக்கம். பாம்பின் பிளாஸ்மாவுக்கு அது பொருந்தாது. மருந்தடிக்காத தரிசிலிருந்து அதே இனம், அதே பருவத்தில் அடிப்படை அளவு எடுங்கள். அந்தச் சராசரிக்கு இரண்டு திட்ட விலக்கத்துக்கும் கீழே இருந்தால் சந்தேகப்படலாம். அப்படிப்பட்ட பிளாஸ்மாவில் பாதியை 2-பாம் (2-PAM, முடங்கிய நொதியை விடுவிக்கும் முறிமருந்து) சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள்; நொதி எழுந்தால் ஆர்கனோபாஸ்பேட். நாள் கடந்து பிடி இறுகியிருந்தால் 2-பாமுக்கும் எழாது.