5 நாள் எல்க் வேட்டையா? காற்றைக் கவனியுங்கள்

செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தேசிய வனங்களுக்கு, பழக்கமில்லாத இடத்துக்கு, வில்லோடு எல்க் மான் தேடிப் போகிறீர்களா? வீட்டிலேயே செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, புல்வெளி, தண்ணீர், மரங்கள் அடர்ந்த வடக்குச் சரிவு மூன்றும் சேரும் நான்கைந்து இடங்களைக் குறித்துவிடுங்கள். ஓர் இடத்தில் புதுச் சாணமோ குளம்புத் தடமோ இல்லையென்றால் மறுநாளே அடுத்த இடம்.

அப்புறம் காற்று. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். சின்னக் குப்பியில் டால்கம் பவுடர் வைத்து அடிக்கடி பீய்ச்சிப் பாருங்கள். உங்கள் வாடை பட்டால் மான் நிற்காது.

எவ்வளவு தூரம் உள்ளே போவது? வேட்டையாடிய இறைச்சியை வெளியே சுமந்து வர முடிகிற தூரம் மட்டும்தான். பெரிய ஆண் மான் 300 கிலோ இருக்கும். வெயிலில் கெடுவதற்குள் இறைச்சியை நிழலில் தொங்கவிட்டு, பல நடையாக முதுகில் சுமந்து வர வேண்டும்.